பழைய விமானக் கிட் ஒன்றைக் கட்டி முடிப்பது: மட்டக்களப்பில் தொடங்குபவருக்கு

புதிதாகத் தொடங்குபவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் தேடுவது பசையைத்தான். நாற்பது, ஐம்பது வருடம் பழைய பிளாஸ்டிக் கிட்டில், அதாவது துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் மாதிரி விமானத்தில், அந்த அவசரம் சரிவராது. எண்ணிப் பார்ப்பது, கழுவுவது, நிமிர்த்துவது, பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது என்று பசைக்கு முந்திய வேலையே பாதிக்கு மேல் இருக்கும். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இன்னொரு கணக்கும் உண்டு. எந்த வேலையை மாரியில் செய்வது, எதைக் கச்சானில் செய்வது, எதை இரண்டுக்கும் இடையில் வைத்துக்கொள்வது என்பதை முதலே தீர்மானிக்க வேண்டும்.

எந்த விமானம்

முதல் கிட்டுக்கு 1/72 அளவில் (நிஜத்தின் 72இல் ஒரு பங்கு) ஒற்றை இயந்திரமும் ஒற்றை இறக்கைத் தட்டும் உள்ள விமானம் போதும். துண்டுகள் குறைவு, பிழைத்தால் நட்டமும் குறைவு. இந்தக் கரைக்குப் பொருத்தமானது ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர்விமானம். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்துச் சீனன்குடாவிலிருந்து எழும்பியவை 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். உண்மை விமானத்தின் இறக்கை விரிவு 12.19 மீற்றர், 1/72 அளவில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். சின்ன அலுமாரித் தட்டில் வசதியாக நிற்கும்.

அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த ஜப்பானின் ஐச்சி டி3ஏ குண்டுவீச்சு விமானத்தையும் எயார்ஃபிக்ஸ் என்ற பிரித்தானியக் கிட் நிறுவனம் பழைய நாட்களில் விட்டிருக்கிறது. அதன் சக்கரங்கள் மடங்காதவை, மேலுறை போட்டவை. அதனால் கட்டுவது சுலபம். ஹெர்மிஸுக்குரிய சோர்ட்ஃபிஷ் விமானத்தில் மட்டும் ஆரம்பத்தில் கை வைக்காதீர்கள். இரட்டை இறக்கை, நடுவில் தாங்கு கம்புகள், அவற்றுக்கிடையே கம்பி இழைகள் என்று அது இரண்டு, மூன்று கிட் கட்டிய கைக்கு உரியது. (கப்பல் மூழ்கிய காட்சியைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: அன்று ஹெர்மிஸின் மேல்தளத்தில் விமானம் எதுவும் இருக்கவில்லை. அதன் சோர்ட்ஃபிஷ்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன.)

பழையது எல்லாமே கட்டுவதற்கு ஏற்றதும் இல்லை. எயார்ஃபிக்ஸ் விட்ட முதல் விமானக் கிட் 1953இன் ஸ்பிட்ஃபயர். பொலித்தீன் பையில் போட்டு 2 ஷில்லிங்குக்கு விற்றார்கள். அந்தக் காலத்துப் பை அப்படியே கிடைத்தால் திறக்காமல் வைப்பதுதான் புத்தி, சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். 1936இல் வரத் தொடங்கிய ஃபுரொக் பெங்குவின் கிட்டுகள் செல்லுலோஸ் அசிற்றேற்றால் ஆனவை. காலம் போகப்போக அவை முறுகிச் சுருங்கும், இன்றைய பொலிஸ்டைரீன் பசையும் அவற்றில் பிடிக்காது. 1970களின் எயார்ஃபிக்ஸ், மட்ச்பொக்ஸ், பிந்திய கால ஃபுரொக் ஆகியவை பழகுவதற்கு நல்லவை. மட்ச்பொக்ஸ் 1973இலிருந்து இரண்டு, மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தது. பெயின்ட் கொஞ்சம் பிசகினாலும் அதில் கண்ணுக்குப் படாது.

வாங்கும்போது

பழைய கிட் இங்கே கடைத்தட்டில் கிடைப்பது அரிது. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் வரும், இல்லையென்றால் இணைய ஏலத்தில் எடுக்க வேண்டும். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: துண்டுகள் தொங்கும் சட்டங்கள், கண்ணாடித் துண்டுகள், டீக்கால் தாள் (நீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் குறிகள் உள்ள தாள்). பெட்டியின் படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விமானி அறையின் மூடி வெடித்திருந்தால் மாற்றுத் துண்டு தேடுவதற்கே கிட்டின் விலை போய்விடும். டீக்கால் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, அதற்கு மருந்து இருக்கிறது. பொடிப்பொடியாக வெடித்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

லண்டனிலிருந்து வருபவரிடம் பசையோ எனாமல் பெயின்டோ தின்னரோ சொல்லி விடாதீர்கள். எல்லாம் தீப்பற்றும் திரவங்கள், விமானப் பொதியில் விடமாட்டார்கள். கிட்டை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய மட்டைப் பெட்டி சூட்கேசுக்குள் நசுங்கும் என்பதால் துண்டுகளைக் கடினமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்றிலும், கண்ணாடித் துண்டுகளை மெல்லிய துணி சுற்றித் தனிப் பையிலும் போடச் சொன்னால் போதும்.

வந்த கிட்டை உடனே கட்டாவிட்டால் மட்டைப் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். இங்கத்தைய ஈரத்தில் டீக்கால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், வழிமுறைத் தாளை இராமபாணப் பூச்சி அரிக்கும். இரண்டையும் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வழிமுறைத் தாளை முதல் நாளே படம் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

நகவெட்டி, கூரான அலகுக் கத்தி, வாகன பெயின்ட் கடையில் விற்கும் வோட்டர் பேப்பர் 400, 800, 1200 நம்பரில் ஒவ்வொன்று, உடுப்புக் கிளிப் ஆறு எட்டு, இறப்பர் பட்டி, மாஸ்கிங் டேப், 0 நம்பர், 2 நம்பர்த் தூரிகைகளோடு 6 மில்லிமீற்றர் தட்டைத் தூரிகை ஒன்று, சாமணம். பசை தொட்டு வைக்க ஈர்க்கு ஒன்றைச் சாய்வாக வெட்டி எடுத்தால் கடையில் வாங்கும் எதையும்விட நன்றாக வேலை செய்யும்.

எண்ணுவதும் கழுவுவதும்

முதலில் வழிமுறைத் தாளில் உள்ள இலக்கங்களைச் சட்டத்தில் உள்ள துண்டுகளோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சட்டத்தை விட்டுக் கழன்று பெட்டியின் அடியில் கிடப்பவைதான் அதிகம் தொலையும். சின்னத் துண்டுகளை ஒரு மூடிப் போத்தலில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கழுவுவது. வார்ப்பிலிருந்து துண்டு கழன்று வருவதற்குத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய் பழைய கிட்டுகளில் காய்ந்து படிந்திருக்கும். அதன் மேல் பூசிய பெயின்ட் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட இளஞ்சூட்டு நீரில், பழைய மென்மையான பல்துலக்கியால் சட்டத்தோடேயே தேய்த்து, நல்ல நீரில் அலசி, நிழலில் காய விடுங்கள். முற்றத்து வெயிலில் வைக்க வேண்டாம். தகரத்தின் மேலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ வைத்தால் மெல்லிய இறக்கை வளைந்துவிடும்.

ஏற்கெனவே வளைந்து வந்த இறக்கையை நிமிர்த்தலாம். கொதித்த நீரை இறக்கி வைத்துச் சில நிமிடம் ஆறவிடுங்கள். பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே இளகத் தொடங்கும், கொதிக்கும் நீரில் நேரே போட்டால் துண்டு உருக்குலையும். துண்டை நீரில் அரை நிமிடம் பிடித்து, மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்து, அப்படியே குளிர்நீரில் அமிழ்த்துங்கள். ஒரே தடவையில் முழுதாக நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று தடவையில் சிறிது சிறிதாகச் செய்தால் வெண்கோடு விழாது.

வெட்டிப் பொருத்திப் பார்ப்பது

துண்டைச் சட்டத்திலிருந்து கையால் முறுக்கி எடுத்தால் பழைய, காய்ந்த பிளாஸ்டிக் துண்டின் பக்கத்திலேயே பிய்ந்து குழி விழும். நகவெட்டியால் ஒரு மில்லிமீற்றர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400இல் ஒருமுறை, 800இல் ஒருமுறை தேயுங்கள். வார்ப்பு அச்சு தேய்ந்த கிட்டுகளில் துண்டின் ஓரமெல்லாம் மெல்லிய சவ்வுபோல் பிளாஸ்டிக் வழிந்திருக்கும். கத்தி அலகைச் செங்குத்தாகப் பிடித்து வழித்தால் அது போய்விடும். சக்கரம், சுடுகுழல் போன்ற சின்னத் துண்டுகளைப் பூசும் வேளை வரும்வரை சட்டத்திலேயே விடுங்கள்.

பிறகு உடலின் இரு பாதிகளையும் இறக்கைகளையும் பசையில்லாமல் சேர்த்து டேப் ஒட்டிப் பாருங்கள். பொருத்தும் முளைகள் இடம் மாறி இருப்பது பழைய கிட்டுகளில் சாதாரணம். விளிம்புகள் ஒன்றுக்கொன்று மேலேறினால் முளைகளைத் தயங்காமல் வெட்டி எறிந்து, கண்ணால் ஒழுங்குபடுத்துங்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் இடைவெளி நிரப்பும் பட்டி (putty) போதும். அதற்கு மேல் என்றால் சட்டத்துப் பிளாஸ்டிக்கையே சீவி இடையில் வைக்க வேண்டும்.

பசை

பெட்டிக்குள் இருந்த பசை டியூப் கல்லாகியிருக்கும், எறிந்துவிடுங்கள். பொலிஸ்டைரீன் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு முகங்களையும் இளக்கி ஒன்றாக்குகிறது. அதனால் கூடப் போட்டால் கூடப் பிடிக்கும் என்று நினைப்பது பிழை. கூடினால் பிளாஸ்டிக் உள்ளேயே உருகி, வாரக் கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். இன்று தேய்த்துச் சமமாக்கிய பொருத்துக்கோடு பெயின்ட் அடித்து ஒரு மாதத்தில் பள்ளமாகத் தெரிவது இதனால்தான்.

பொழுதுபோக்குப் பசை கிடைக்காதபோது வாகனங்களுக்கு அடிக்கும் லக்கர் தின்னர் உதவும். அது பொலிஸ்டைரீனைக் கரைக்கும். சேர்த்துப் பிடித்த பொருத்தின் வாயில் 0 நம்பர்த் தூரிகை நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடிப் பரவும். ஒரு தொடுகை, பத்து எண்ணும்வரை அழுத்தம், பிறகு அடுத்த தொடுகை. விரல் இருக்கும் இடத்தில் ஓடினால் விரல்ரேகை பதிந்துவிடும், பார்த்துப் பிடியுங்கள். சாளரத்தைத் திறந்து வைத்து, அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பைப் பொருத்தும் பீவீசீ பசையைப் பாவிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். மெல்லிய துண்டை அது தின்றுவிடும்.

ஹரிக்கேனில் ஒழுங்கு இப்படி: விமானி இருக்கையும் உள்ளறையும் முதலில் பூசி ஒரு பாதியில் ஒட்டுங்கள். பழைய கிட்டில் அங்கே இருக்கையும் ஆளும் தவிர வேறொன்றும் இராது, மூடியும் தடிப்பானது. கறுப்பு கலந்த சாம்பல்பச்சை அடித்துவிட்டு நகரலாம். உடல் பாதிகளை மூக்கிலிருந்து வால்வரை இரண்டிரண்டு அங்குலமாகப் பசை விட்டுச் சேர்த்து, கிளிப்பும் இறப்பர் பட்டியும் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மூக்கில் வரும் சுழலியின் (புரொப்பெல்லர்) அச்சை உடலை மூடுமுன் போட மறந்தால் பிறகு போட வழியில்லை. சுழலி சுற்ற வேண்டும் என்றால் அச்சின் தலையில் மட்டும் பசை, தண்டில் ஒரு துளியும் படக்கூடாது.

இறக்கைகள் இரண்டும் நுனிக்குச் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு நுனியின் உயரமும் மேசையிலிருந்து ஒன்றாக இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து, இரண்டுக்கும் கீழே ஒரே தடிப்புப் புத்தகத்தை முண்டு கொடுத்துக் காயவிடுங்கள். வால்சிறகை முன்னால் நின்று பார்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். ஒரு மில்லிமீற்றர் சாய்வுகூட முழு விமானத்தையும் கோணலாகக் காட்டும்.

முன்சக்கரம் உள்ள விமானம் கட்டுபவர்கள் உடலை மூடுமுன் மூக்குக்குள் பாரம் வைக்காவிட்டால் அது வாலில் உட்கார்ந்துவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும் வலை ஈயம் இதற்கு நல்லது. ஆனால் ஈயத்தைப் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். அந்தப் பசையோடு ஈயம் மெல்லத் தாக்கமுற்று வெள்ளையாக ஊதி, சில வருடங்களில் உடலையே பிளக்கும். இரண்டு கூறு கலக்கும் எப்பொக்சியில் ஒட்டுங்கள். ஹரிக்கேனுக்குப் பாரம் தேவையில்லை.

பட்டியும் தேய்ப்பும்

ஒட்டி இரண்டு நாள் போகட்டும். வாகனங்களுக்குப் பூசும் டியூப் பட்டியை ஈர்க்கு நுனியில் எடுத்துப் பொருத்துக்கோட்டில் மெல்லியதாக வைத்து, காய்ந்ததும் 400, 800, 1200 என்று நீர் தொட்டுத் தேயுங்கள். தடிப்பாக ஒரே பூச்சு வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து பிறகு அமிழும். மெல்லியதாக இரண்டு பூச்சுதான் சரி.

இங்கே ஹரிக்கேனுக்குரிய ஒரு சிக்கல் உண்டு. அதன் பின்னுடல் துணி போர்த்தியது. கிட்டில் அது நீளவாட்டில் மெல்லிய மேடுகளாக வார்க்கப்பட்டிருக்கும். பொருத்துக்கோட்டைத் தேய்க்கிறேன் என்று அந்த மேடுகளையும் வழித்துவிட்டால் முதுகு மொட்டையாகிவிடும். கோட்டின் இரு பக்கமும் டேப் ஒட்டி, இடையில் தெரியும் கீற்றை மட்டும் மடித்த பேப்பரின் விளிம்பால் தேயுங்கள். பழைய அச்சுகளில் ஆணித்தலைகள் நிஜத்தைவிடப் பெரிதாகப் புடைத்திருப்பது பலருக்குப் பிடிக்காது. அவற்றை எல்லாம் வழித்தெடுப்பது புதியவருக்கு வேலையில்லாத வேலை. 1200ஆல் மேலோட்டமாக ஒருமுறை தடவினால் போதும்.

பெயின்டும் காற்றும்

இனித்தான் காலநிலை. நவம்பரிலிருந்து ஜனவரிவரை மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஸ்பிரே லக்கர் அடித்தால் மேலே பால்போல் வெண்படலம் படியும். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் முகம் குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் ஒடுங்கி உள்ளே சிறைப்படுகிறது. வாவிக் கரையோரம் இருப்பவர்களுக்கு மற்ற மாதங்களிலும் பொழுதுபட்ட பிறகு இதே தொல்லை வரும். மாரியை வெட்டவும் ஒட்டவும் தேய்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் தூரிகையால் நீர்க் கலவை அக்ரிலிக் பூசலாம், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் கூடுதல் நேரம் விட்டு.

கச்சானில் தொல்லை எதிர்ப்பக்கம். மேற்கே மலையைத் தாண்டி இறங்கி வரும் அந்தக் காற்று காய்ந்ததும் சூடானதும் ஆகும். ஸ்பிரே துளி விமானத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, முகம் சொரசொரப்பாகும். தூரிகையில் பெயின்ட் இழுபடும், கோடு விழும். மணலும் சேர்ந்து ஒட்டும். காற்று எழும்பும் முன்னுள்ள காலைப்பொழுதில், ஈரத்துணியால் துடைத்த மேசையில் வேலை செய்யுங்கள். பூசியதும் பெரிய பேசின் ஒன்றைக் கவிழ்த்து மூடினால் தூசி விழாது. மார்ச், ஏப்ரல் காலைகள் பெயின்டுக்கு இரண்டையும்விட நல்லவை.

ஹாட்வெயார் கடையில் விற்கும் வீட்டு எனாமல் இந்த அளவுக்குத் தடிப்பு. அதன் நிறத்துகள்களும் பருமன், நுண்விபரத்தை மூடிவிடும். சின்ன டப்பாக்களில் வரும் மாதிரி விமானப் பெயின்ட் அல்லது மூடியில் நிறம் காட்டிய ஓவிய அக்ரிலிக் நல்லது. முதலில் சாம்பல் நிறப் பிரைமர். வாகன ஸ்பிரேயைப் பாவிப்பதானால் வெட்டி எறிந்த சட்டத்தில் அடித்துச் சோதியுங்கள், சில வகைகள் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, நிற்காமல் கையை நகர்த்தி, மூடுபனிபோல் இரண்டு மூன்று தடவை. பிரைமர் அடித்ததும் நீங்கள் காணாத கீறல்கள் எல்லாம் எழும்பித் தெரியும். திரும்பப் பட்டி வையுங்கள், அது வழமை.

மேற்பக்கத்துக்கு மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்த மறைவு நிறங்கள். ஹம்ப்ரோல் இலக்கத்தில் மண்ணிறம் 29, கரும்பச்சை 30. வெளிர் நிறத்தை, அதாவது அடிப்பக்கத்தை, முதலில் முடித்து, பிறகு மேலே மண்ணிறம் முழுதாக, கடைசியில் பச்சை வளைவுகள். எனாமலுக்கு ஒரு நாள் இடைவெளி, ஈரமான வாரத்தில் இரண்டு. விரல் நகம் பதியாமலும் மணம் வராமலும் இருந்தால்தான் டேப் ஒட்டலாம். வாகனக் கடை டேப் பிடிமானம் கூடியது. துணியில் இரண்டு தடவை ஒட்டி உரித்துப் பிடிமானத்தைக் குறைத்துவிட்டுப் பாவியுங்கள்.

டீக்கால்

பழைய கிட்டில் மனிதரை அழவைப்பது இதுதான். மஞ்சளாகிப்போன தாளை வெளிச்சம் படும் சாளரக் கண்ணாடியின் உட்பக்கத்தில், படம் வெளியே பார்க்க ஒட்டிவிடுங்கள். இங்கத்தைய வெயிலில் ஒரு வாரம், பத்து நாளில் வார்னிஷின் மஞ்சள் வெளுத்துவிடும். தினமும் பாருங்கள், கூட விட்டால் நிறமும் வெளுக்கும். மழை நாளில் எடுத்துவிடுங்கள்.

பிறகு தேவையில்லாத ஒரு சின்னக் குறியை வெட்டி இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் போட்டுப் பாருங்கள். முழுதாக நழுவினால் யோகம். சிதறினால் முழுத் தாளுக்கும் கிளியர் லக்கர் மெல்லியதாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் விளிம்போடு ஒட்டி வெட்டுங்கள். லக்கர் படலம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால் விளிம்பு இனித் தனியாக விடாது, நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

விமானத்தின் முகம் மங்கலாக இருந்தால் டீக்காலுக்கு அடியில் காற்று மாட்டி வெள்ளியாக மினுங்கும். அதனால் டீக்காலுக்கு முன் பளபளப்புக் கிளியர் பூச்சு ஒன்று கட்டாயம். படத்தைத் தாளோடு இடத்தில் வைத்து, ஈரத் தூரிகையால் தாளிலிருந்து நகர்த்துங்கள். மேடுகளில் படியாவிட்டால் நிறமற்ற வினாகிரியைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து மேலே தொட்டுவிட்டு, அது சுருங்கினாலும் கை வைக்காமல் விடுங்கள். காயும்போது தானே படியும்.

வட்டக் குறியைப் பற்றி ஒரு சொல். ஜப்பானியச் சூரியக் குறியோடு குழம்பாமல் இருக்கப் பின்னாளில் இந்தப் பக்கத்து நேசநாட்டு விமானங்களில் சிவப்பு நடுப்புள்ளி எடுக்கப்பட்டது. 1942 ஏப்ரல் ஹரிக்கேன் செய்பவர்கள் சிவப்பை விட்டுவைக்க வேண்டும்.

டீக்கால் காய்ந்து ஒரு நாள் கழித்து மங்கல் கிளியர் பூச்சு ஒன்று. ஈரமான நாளில் இதைத் தொடவே வேண்டாம், வெண்படலம் இங்கே விழுந்தால் முழு வேலையும் போச்சு.

கடைசிப் பொருத்துகள்

சக்கரக் கால்கள், சுழலி, சுடுகுழல்கள் இப்போது. கால்கள் முன்னாலிருந்து பார்க்க ஒரே அளவு விரிந்து நிற்கின்றனவா என்று பசை இளகி இருக்கும்போதே திருத்துங்கள்.

மூடியின் கீறலைப் பற்பசை தொட்ட பருத்தித் துணியால் மெதுவாகச் சுற்றித் தேய்த்தால் மங்கும். ஒட்டுவதற்குப் பைண்டர் கம் மட்டுமே. சுப்பர் க்ளூவின் ஆவி ஈரக் காற்றோடு சேர்ந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் வெண்பூஞ்சணம்போல் படியும், பிறகு உள்ளே துடைக்க வழியில்லை. பைண்டர் கம் காய்ந்ததும் நிறமற்றுப் போகும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

பின்னொரு நாள் சோர்ட்ஃபிஷ் எடுப்பவர்களுக்கு: இழைகளுக்கு ஆக மெல்லிய தங்கூசி போதும். மேல் இறக்கையை ஒட்டுமுன் 0.3 மில்லிமீற்றர்த் துளைகளைக் கையால் சுழற்றும் சிறு துளைகருவியால் இட்டுவிடுங்கள். இழையை மேலே சுப்பர் க்ளூ துளியில் பிடித்து, கீழே இழுத்து ஒட்டி, தளர்ந்த இழையின் அருகே சுடரை அணைத்த ஊதுபத்தியின் கங்கைத் தொடாமல் ஒருமுறை கொண்டுபோனால் தானே விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து.